செவ்வாய்க்கிழமை பிறந்த கியர்பாக்ஸ்

“இந்த வண்டிக்கு எதுவுமே தெரியலை” என்றார், காரின் கம்ப்யூட்டரைப் படிக்க வந்த ஸ்கேனர்காரர்.

“எனக்கும்தான் எதுவும் தெரியாது. அதுக்காக என்னைப் போலீஸ் பிடிச்சு வெயில்ல நிறுத்தி வச்சிருக்கா?” என்றான் ஊசி.

மேடம் சிரிக்கவில்லை. காவல் நிலையத்தின் பின்புற யார்டில், நெளிந்த வண்டிகளுக்கு நடுவே நின்ற அந்த வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளைப் பரிசோதித்தவர் அவர். சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. ஊசி அவருடைய உதவியாளன். அந்தப் பட்டப்பெயர் அவன் உடம்பைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்பது அலுவலகத்தில் இன்னும் தீராத வழக்கு.

தீர வேண்டிய வழக்கு வேறு. திங்கட்கிழமை காலை, ஒரு கம்பெனியின் டிரைவர் முதலாளியின் காரைச் சரிவான பாதையின் மேல் முனையில் நிறுத்தினார். P பட்டனை அமுக்கினார், இஞ்சினை அணைத்தார், ஒரு ஃபைலை எடுக்க உள்ளே போனார். P விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்கள் அதை நம்பித்தான் இறங்குகிறார்கள். ஆனால் கார் தானாக உருண்டு, கீழே செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது கியர் நியூட்ரலில் இருந்தது. போதாக்குறைக்கு, முந்தின வாரம்தான் டிரைவருக்கும் தோட்டக்காரருக்கும் பலர் பார்க்க வாய்ச்சண்டை. அலட்சியம் என்று ஆரம்பித்த வழக்கு இரண்டே நாளில் கொலை என்று வளர்ந்துவிட்டது.

“P போட்டேன், போர்டுல P எரிஞ்சுது” என்பதைத் தவிர டிரைவர் வேறு எதுவும் சொல்லவில்லை. லாக்கப்பில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நம்பிய ஒரே ஆள் அவருடைய அக்கா. நேற்று மேடத்தின் அலுவலகத்துக்கு வந்து, தம்பியின் காகிதங்களை எல்லாம் ஒரு கனத்த கவரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அழுதவர் அவர்தான். “நாலு நாளா அடுப்பு பத்த வைக்கவே மனசு வரலை மேடம். வீட்டுக்காரரும் செவ்வாய்க்கிழமையிலேருந்து சரியாச் சாப்பிடலை. தம்பின்னா அவருக்கும் உயிரு” என்றார்.

அந்தக் கவரைத்தான் சற்று முன் யார்டு வாசலில் ஊசி பிரித்தான், டிரைவரின் வக்கீல் வாங்கிய அனுமதிக் கடிதத்தைக் காவலருக்குக் காட்ட. “கவரை ஒட்டியிருக்கிற அழகைப் பாருங்க மேடம். பச்சை டேப்பு, ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு விட்டிருக்காங்க. பிரிக்கிறவன் நகத்து மேல இவ்வளவு அக்கறையா? என் மாமியார் பார்சல் ஒட்டினா கோடாலி வேணும்.”

கடிதத்தில் விஷயம் இருந்தது. இந்த மாதிரிக் கார்களில் பட்டனுக்கும் கியருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. பட்டனை அமுக்குவது ஒரு மனு கொடுப்பது மாதிரி. மனுவை வாங்கி, ஒரு சின்ன மோட்டாரை முடுக்கிக் கியரை மாற்றுவது உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மனு நிறைவேறாமல் போனால் அந்தப் பெட்டி நேரம் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை ‘P கேட்டார்கள், P விழவில்லை’ என்று ஒரு வரி அதற்குள் இருந்தால், நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட்டில் டிரைவர் தலைநிமிர்ந்து நிற்கலாம். இல்லாவிட்டால் எத்தனை வருஷம் என்பதுதான் கேள்வி.

“எதுவுமே தெரியலைன்னா? அந்த வரி இல்லையா?” மேடம் கேட்டார்.

“எந்த வரியுமே இல்லை.” ஸ்கேனர்காரர் தன் கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினார். “இதைப் பாருங்க. அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி. ஓட்டுறவர் எப்படி மிதிக்கிறார், உள்ளே கிளட்ச் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு கியர்பாக்ஸ் ஓட ஓடக் கத்துக்கிட்டே வரும். இதுல எல்லாமே பூஜ்யம். யாரோ சுத்தமாத் துடைச்சிருக்காங்க.”

“திரும்பக் கொண்டுவர முடியாதா?”

“அழிச்சது அழிச்சதுதான். P வேலை செய்யுதான்னும் இருபது தடவை போட்டுப் பார்த்துட்டேன். இருபது தடவையும் கல்லு மாதிரி விழுந்துச்சு. நாளைக்குக் கோர்ட்ல கேட்டா இதைத்தான் சொல்லணும், எனக்கு வேற வழியில்லை.”

உதவிக்குக் கூப்பிட்ட ஆள் எதிர்த்தரப்புச் சாட்சி ஆகிவிட்டார். மேடம் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். ஊசி பக்கத்து இருக்கையில் ஏறி ரேடியோவைத் திருகினான். கொர்ரென்று இரைச்சல்.

“ரேடியோவும் எல்லா ஸ்டேஷனையும் மறந்துடுச்சு மேடம். இருக்கிற ஒரே ஸ்டேஷன் போலீஸ் ஸ்டேஷன்தான்.”

“கடிகாரத்தைப் பாரு.”

போர்டில் கடிகாரம் 7:25 காட்டியது. ஊசியின் கைக்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

“தப்பா ஓடுது.”

“ஓட்டம் சரியாத்தான் இருக்கும். எப்ப ஓட ஆரம்பிச்சுதுங்கிறதுதான் விஷயம். பேட்டரியைக் கழற்றி மாட்டினா இது பன்னிரண்டுலேருந்து புதுசாத் தொடங்கும். ஏழு இருபத்தஞ்சைக் கழிச்சுப் பாரு.”

ஊசி விரல் மடக்கினான். “நாலே கால்!”

“விடியற்காலை நாலே காலுக்கு இந்த யார்டுக்குப் பூட்டு. அப்ப சாயங்காலம். எந்தக் கிழமைன்னு மட்டும் தெரியணும்.”

கிழமை, கேட்டில் இருந்த பதிவேட்டில் கிடைத்தது. வண்டி வந்ததிலிருந்து அந்த நேரத்தில் உள்ளே வந்தவர் ஒரே ஒருவர். செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு உள்ளே, ஐந்துக்கு வெளியே. வேலை என்ற இடத்தில் ‘பேட்டரி’. யாரிடமிருந்து என்ற இடத்தில் ‘கம்பெனி’. கையெழுத்து நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருந்தது.

“கம்பெனி வண்டி, கம்பெனியிலேருந்து ஆள் வந்தாரு, விட்டேன்” என்றார் காவலர் கொஞ்சம் மிரண்டு. “மரியாதையான ஆளுங்க. சீட்டுல அழுக்குப் படக்கூடாதுன்னு துணி விரிச்சுத்தான் உட்கார்ந்தாரு. திருடறவன் துணி விரிப்பானா?”

மேடம் மறுபடி காருக்குப் போய்க் குனிந்து பார்த்தார். P பட்டன் பதித்த கியர் தண்டின் கழுத்தில், குமிழுக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை டேப் சுற்றியிருந்தது. அதன் ஓரம் மடித்து விடப்பட்டிருந்தது.

“போட்டோ எடு” என்றார்.

வழியெல்லாம் ஊசிதான் பேசினான். தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே, வாயாலேயே முதலாளியை விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டான். “பராமரிப்பு சரியில்லைன்னு தெரிஞ்சா முதலாளி மேல கேஸ் திரும்பும். ஆளை அனுப்பித் துடைச்சிட்டாரு. டிரைவர் உள்ளே போனா அவருக்கென்ன, இன்னொரு டிரைவர். எப்படி மேடம்?”

“கம்பெனி வண்டியைப் பார்க்கிற ஒர்க்ஷாப்புக்குப் போ.”

“அங்கே நம்ம நூடுல்ஸ் கையெழுத்துக்காரர் இருப்பாரு.”

“இருப்பாரு” என்றார் மேடம். அந்தக் குரலில் துப்பு கிடைத்த சந்தோஷம் இல்லை. ஊசி திரும்பி ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தான்.

ஒர்க்ஷாப் பெரிய இடமில்லை. லிஃப்டில் ஒரு கார் தூக்கி நிறுத்தியிருந்தது, அடியில் தட்டில் சிவந்த ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் பிரித்து வைத்த கியர்பாக்ஸ் ஒன்றின் சாமான்கள் துணி விரித்து, கழற்றிய வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருந்தன. பிரித்துக்கொண்டிருந்தவர் நாற்பது தாண்டிய மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண்ணுக்குக் கீழே நாலு நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

வெளியே டெலிவரிக்கு நின்ற ஒரு காரின் கியர் தண்டில் பச்சை டேப் தெரிந்தது. மேடம் அதைக் காட்டி, வாடிக்கையாளர் மாதிரி சாதாரணமாகக் கேட்டார். “இது எதுக்குங்க?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் வாய் திறந்துவிடுவார். “கியர்பாக்ஸோட மெமரியைத் துடைச்சா, அது படிச்சதெல்லாம் போயிடும்மா. திரும்பக் கத்துக்கிற வரைக்கும் ரெண்டு மூணு நாள் கியர் மாறும்போது உதறும். தெரியாம ஓட்டுறவங்க பயந்துடுவாங்க. அதான் டேப்பைச் சுத்தி விடுறது. உதறினா பச்சையைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும். பழகினதும் பிச்சுப் போட்டுடலாம். ஓரத்தை மடிச்சு விட்டுடுவேன், சுலபமா வரும்.”

“எல்லா ஒர்க்ஷாப்லயும் செய்வாங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு நான் மட்டும்தான்.”

ஊசி போனை எடுத்து அந்தப் படத்தை மெக்கானிக்கின் முன்னால் நீட்டினான்.

மேடம் மெதுவாகத்தான் கேட்டார். “போலீஸ் யார்டுல நிக்கிற வண்டியை யார் ஓட்டிப் பயந்துடப் போறாங்கன்னு சுத்தினீங்க?”

மெக்கானிக் படத்தைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “சுத்தினது எனக்கே தெரியாது. கை பாட்டுக்குச் சுத்தியிருக்கு.”

“முதலாளி எவ்வளவு நாளாத் திட்டம் போட்டாரு?” ஊசி பாய்ந்தான். “என்ன சொல்லி அனுப்பினாரு?”

“முதலாளியா?” அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். “நீங்கதானே அந்தத் துப்பறியற அம்மா? உங்ககிட்ட வந்தவ என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? நான் அவ புருஷன்.”

ஊசி நீட்டிய போனைக் கீழே இறக்கினான்.

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கவர்ல இருந்த டேப்பை வண்டியிலயும் பார்த்ததும் மனசுல தட்டுச்சு. கவரை ஒட்டின வீட்டு ஆளா இருக்கக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் வந்தேன். சொல்லுங்க.”

“ரெண்டு வாரம் முன்னாடி போர்டுல மஞ்சள் லைட் எரியுதுன்னு மச்சான் இங்கேதான் கொண்டாந்தான். பார்த்தேன். கியர் மோட்டாருக்குப் போற கனெக்டர்ல தண்ணி இறங்குது. ஈரம் இருந்தா P சில சமயம் விழாது, ஆனா விழுந்த மாதிரி போர்டுல காட்டும். அந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல வேலை. ‘அடுத்த வாரம் கொண்டா, அதுவரைக்கும் தண்ணி படாம ஓட்டுடா’ன்னு சொல்லி அனுப்பினேன். அந்தத் தோட்டக்காரரோட சண்டை எதுக்குன்னு நினைச்சீங்க? குழாய் நுனியை வண்டிப் பக்கம் திருப்பாதேன்னுதான் கத்தியிருக்கான். நான் சொன்னதைக் காப்பாத்தியிருக்கான்.”

கொலைக்குக் காரணம் என்று போலீஸ் எழுதி வைத்திருந்த சண்டை அது. ஊசி மேடத்தைப் பார்த்தான். மேடம் தரையைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை லாக்கப்புல போய்ப் பார்த்தேன். ‘மாமா, அந்த லைட் எரிஞ்சுகிட்டே இருக்குமே, கோளாறுன்னு தெரிஞ்சும் ஏண்டா ஓட்டினேன்னு கேட்டா என்ன சொல்றது’ன்னு அழறான். லைட்டைப் பத்தி வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டு, நேரா யார்டுக்குப் போனேன். ஸ்கேனரைப் போட்டு எல்லாத்தையும் அழிச்சேன். எதுவும் மிச்சம் இருக்கக்கூடாதுன்னு பேட்டரியையும் பத்து நிமிஷம் கழற்றி வச்சேன். அவனுக்காகத்தான் செஞ்சேன். பாதி எனக்காகவும்தான். ஓட்டுடான்னு சொன்னவன் நான்தானே.”

“அந்த லைட்டும் அந்த வரியும் இருந்திருந்தாத்தான் அவர் தப்பிச்சிருப்பாரு” என்றான் ஊசி. கேலி வற்றிய குரல்.

“நேத்து அவ வந்து, ‘பெட்டியைப் படிச்சா தம்பி வெளியே வந்துடுவானாம்’னு சிரிச்ச முகமாச் சொன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது.”

மேடம் தோற்கப் பிடிக்காதவர். வழக்கில் மிச்சமிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். “சரி, மெமரி போகட்டும். கனெக்டர் இருக்கே? ஸ்கேனர்காரர் முன்னாடி அதுல தண்ணி விட்டுக் காட்டுவோம். P விழாம போகட்டும்.”

மெக்கானிக் தலை குனிந்துகொண்டார்.

“அதையும் மாத்திட்டேம்மா.”

“என்னது?”

“புதுசு போட்டுட்டேன். கோளாறைக் கண்ணால பார்த்துட்டு அப்படியே மூடி வைக்க முடியலை. இருபத்திரண்டு வருஷமா இதே பொழைப்பு. ஒரு ஆளைக் கொன்ன கோளாறு, இன்னொரு ஆளைக் கொல்லக்கூடாதுன்னு பட்டுச்சு. இப்ப அந்த வண்டியில ஒரு குறையும் இல்லை.”

இருபது தடவையும் P கல்லு மாதிரி விழுந்ததன் காரணம் அதுதான். நாட்டிலேயே நேர்மையான ரிப்பேர் ஒன்று, ஒரு மனிதனை உள்ளே தள்ளப் போகிறது.

“பழைய கனெக்டர்?”

“ஸ்கிராப் டிரம்முல போட்டேன். நேத்துக் காலையில வண்டி வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க.”

“ரெண்டு வாரம் முன்னாடி வண்டி வந்ததை எழுதி வச்ச ஜாப் கார்டு?”

“மச்சான் வண்டிக்கு யாரும்மா கார்டு எழுதுவாங்க?”

லிஃப்டிலிருந்து ஆயில் சொட்டும் சத்தம் கேட்டது. ஊசிக்குப் பொறுக்கவில்லை. “இவரே நாளைக்குக் கோர்ட்ல வந்து உண்மையைச் சொல்லட்டுமே மேடம்! நாம இருக்கோம், கடிகாரம் இருக்கு, பதிவேடு இருக்கு.”

“அதெல்லாம் எதை நிரூபிக்கும்? அக்கா புருஷன், பொய் சொல்லி யார்டுக்குள்ள புகுந்து, பெட்டியைத் துடைச்சான். அவ்வளவுதான். துடைச்சது தம்பியைக் காப்பாத்துற சாட்சின்னு எவன் நம்புவான்? மாட்டிவிடற சாட்சியா இருந்ததாலதான் துடைச்சான்னு சொல்லுவாங்க. நானே பழைய வேலையில இருந்தா அப்படித்தான் எழுதியிருப்பேன்.”

“சொல்லாம விட்டா?”

“பெட்டி காலி. வண்டியில கோளாறு இல்லை. அப்ப P போட்டேன்னு சொல்றவர் பொய் சொல்றாரு.”

கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று மேடத்துக்கு அன்றுதான் முதல் தடவையாகத் தோன்றியது. அவருக்கு அது அவமானமாகவும் இருந்தது. சொன்னாலும் கேடு, மறைத்தாலும் கேடு.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அக்கா. கையில் பை, பையில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள். மேடத்தை அங்கே பார்த்ததும் வேகமாக வந்தார்.

“வக்கீல் இப்பத்தான் போன் பண்ணினாரு மேடம். பெட்டி காலியாமே! எவனோ கம்பெனி ஆளுன்னு சொல்லி உள்ளே புகுந்து அழிச்சிட்டானாமே! எந்தப் படுபாவி மேடம் அது? என் தம்பி வாழ்க்கையை அழிச்ச அந்தக் கை விளங்காமப் போக!”

மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டார்.

“நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களே. அதான் விசாரிக்க இங்கே வந்திருக்கீங்களா? என்னங்க, கம்பெனியிலேருந்து யார் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஊசி போனை மறைக்கப் பார்த்தான். மறைக்கப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. அக்காவின் கண் அங்கே போய்விட்டது. கை நீட்டி வாங்கிப் பார்த்தார். வெள்ளைக் கார், கியர் தண்டு, பச்சை டேப், மடித்த ஓரம்.

பையில் இருந்த டப்பாக்களின் மூடிகளும் குழம்பு சிந்தாமல் அதே டேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. அதே மாதிரி ஓரம் மடித்து. கல்யாணமான புதிதில் புருஷனிடம் கற்றுக்கொண்டது.

அவர் புருஷனைப் பார்த்தார். புருஷன் நிமிரவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. விட்ட சாபத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“உனக்காகத்தான்… அவனுக்காகத்தான்னு நினைச்சுத்தான்…” என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

அக்கா ஊசியிடம் திரும்பினார். “மணி என்ன தம்பி?”

“ஒண்ணரை.”

“ரெண்டு மணிக்கு மேல லாக்கப்புல சாப்பாடு வாங்க மாட்டாங்க.” பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, கியர்பாக்ஸ் சாமான்களுக்குப் பக்கத்தில் புருஷன் முன்னால் வைத்தார். இன்னொன்றைப் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டார். “போனதும் முதல்ல அதைத்தான் கேட்பான். ‘பெட்டியைப் படிச்சாங்களா அக்கா, நான் P போட்டேன்னு அதுல இருக்கா’ன்னு கேட்பான். நான் என்ன சொல்லட்டும் மேடம்?”

ஆயிரம் பொய்களை முகத்துக்கு நேரே பிடித்தவர் மேடம். ஒரு பொய் சொல்லிக் கொடுக்க அவருக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அக்கா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். ஸ்கூட்டர் இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. மெக்கானிக்கின் கை பழக்கத்தில் எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது.

“ஏதாவது சொல்லுங்க மேடம்” என்றான் ஊசி.

“நீ சொல்லு.”

ஊசி வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான்.

மெக்கானிக் டப்பாவை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பச்சை டேப்பின் மடித்த ஓரம் விரலுக்குத் தோதாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், பிரிக்கவில்லை.